பள்ளியில் படிக்கும்போதே உயர் இயற்பியல்: சேலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழி

பத்தாம் வகுப்பு விடுமுறையில் நான் முதன்முதலாகக் காசு கொடுத்து வாங்கிய இயற்பியல் புத்தகம் குவாண்டம் பற்றியது. அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டே வாரத்தில் படித்து முடித்தேன். பெட்டிக்குள் அடைத்த பூனை, ஒரே நேரத்தில் இரண்டு துளை வழியாகவும் போகும் எலக்ட்ரான், எல்லாவற்றையும் நண்பர்களுக்கு விளக்கத் தெரிந்தது. பள்ளி திறந்த மாதத்தில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கப்பியும் இரண்டு எடைகளும் வரைந்து, "முடுக்கம் எவ்வளவு?" என்றார். எனக்கு வரவில்லை. இயற்பியலைச் சுற்றியுள்ள கதைகளைத்தான் அதுவரை படித்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இப்போது கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். ஓமலூர், ஆத்தூர், வாழப்பாடி என்று பல பக்கமிருந்தும் ஒன்பதாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகள் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "சார், பாடப்புத்தகத்தைத் தாண்டிப் படிக்கணும். சார்பியல், குவாண்டம் எல்லாம் இப்பவே தெரிஞ்சுக்கணும். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பணம் அதிகம் வேண்டாம், கோச்சிங் வேண்டாம். காலையில் ஒன்றேகால் மணி நேரமும், கோடு போடாத நீள நோட்டு நாலைந்தும் இருந்தால் போதும்.

முதலில் பாவு

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவு, அதாவது நீளவாக்கு நூல்கள், பூட்டாமல் குறுக்கு நூல் கொண்டுபோகும் நாடாவை எத்தனை தடவை ஓட்டினாலும் துணி வராது. இயற்பியலுக்குக் கணக்குதான் பாவு. அதிலும் குறிப்பாக வகையிடல், தொகையிடல், திசையன்கள் ஆகிய மூன்று.

ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருப்பவர்கள் இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் தடுமாறாமல் செய்ய முடிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னச் சோதனை: திசைவேகத்துக்கும் நேரத்துக்குமான வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இயக்கச் சமன்பாடுகள் மூன்றையும் புத்தகத்தைத் திறக்காமல் வருவியுங்கள். இன்னொன்று: 10 டிகிரியை ரேடியனுக்கு மாற்றினால் 0.1745. கால்குலேட்டரில் 10 டிகிரியின் சைன் போட்டால் 0.1736. இரண்டும் ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று ஒரு படம் வரைந்து காட்டுங்கள். இரண்டும் முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். முடியாவிட்டால் ஒரு மாதம் கணக்கிலேயே இருங்கள். அந்த மாதம் வீணாகாது.

அடுத்த படிக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் திசையன் இயற்கணிதம், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் மூன்றும் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் தொகுதியில் வகைக்கெழுச் சமன்பாடுகள் வருகின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை இவை. அரசுப் பாடநூல் என்பதால் பல பிள்ளைகள் இவற்றைக் குறைவாக நினைக்கிறார்கள். அது தவறான எண்ணம். அதில் உள்ள கணக்குகளை ஒன்று விடாமல் போட்டவர்களுக்குக் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டு இயற்பியலுக்கு வேண்டிய கணக்கில் பெரும்பகுதி வந்துவிடும். நுண்கணிதத்தில் கை பழக மூன்று மாதம் வையுங்கள். வேகமாக முடித்தவர்களைவிட, ஒவ்வொரு வகைக்கெழுவையும் வரைபடமாக வரைந்து பார்த்தவர்களே பின்னால் தடுமாறாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்காடு பஸ்ஸில் ஒரு சமன்பாடு

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தலைப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். ஒரே ஒரு சமன்பாட்டை எடுத்து, நீங்களே வருவித்து, நீங்களே அளந்து, அது வேறு எங்கெல்லாம் தலைகாட்டுகிறது என்று தேடிப் போங்கள். உயர் இயற்பியலுக்குப் போகிற வழி அதற்குள்ளேயே இருக்கிறது.

நான் கொடுக்கும் முதல் சமன்பாடு காற்றழுத்தம் பற்றியது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது காது அடைக்கும். ஏன், எவ்வளவு என்பதை நோட்டில் எழுதுவோம்.

ஒரு மெல்லிய காற்றுப் படலத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள். அதன் அடியில் உள்ள அழுத்தம் மேலே உள்ளதைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த வித்தியாசம்தான் படலத்தின் எடையைத் தாங்கி நிற்கிறது. எடை என்பது அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், தடிமன் மூன்றின் பெருக்கல். காற்றின் அடர்த்தியோ, வெப்பநிலை மாறாதவரை, அழுத்தத்துக்கு நேர்விகிதம். இது பதினொன்றாம் வகுப்பு வாயு விதி. இரண்டையும் சேர்த்தால் ஒரு வரி கிடைக்கிறது: உயரத்தோடு அழுத்தம் குறையும் வீதம், அந்த இடத்தில் உள்ள அழுத்தத்துக்கே நேர்விகிதம். அவ்வளவுதான் சமன்பாடு. தொகையிட்டால் அடுக்குக்குறிச் சார்பு வரும்.

இனி எண்களைப் போடுங்கள். காற்றின் மோல் நிறை 0.029 கிலோகிராம், வாயு மாறிலி 8.314, வெப்பநிலை 300 கெல்வின், புவியீர்ப்பு முடுக்கம் 9.78. சுமார் 8,800 மீட்டர் என்று ஒரு நீளம் கிடைக்கும். அந்த உயரம் ஏறினால் அழுத்தம் 37 விழுக்காடாகக் குறையும் என்று பொருள். நாம் ஏறுவது 1,235 மீட்டர்தான். ஆகவே ஏற்காட்டின் அழுத்தம் சேலத்தின் அழுத்தத்தில் ஏறக்குறைய 87 விழுக்காடு இருக்க வேண்டும்.

இந்த எண்ணை நோட்டில் எழுதி, தேதி போட்டு, கோடு இழுத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். அளப்பதற்கு முன்னால் கணித்து எழுதிவிட வேண்டும். அளந்த பிறகு கணக்கைச் சரிக்கட்டுவது மிகச் சுலபம், அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

அளப்பதற்குச் செல்போன் போதும். சில செல்போன்களுக்குள் காற்றழுத்தமானி இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை இறக்கினால், உங்கள் செல்போனில் அழுத்த உணரி உண்டா இல்லையா என்று அதுவே காட்டிவிடும். வீட்டில் யாருடைய போனிலும் இல்லையென்றால் நண்பர்கள் வட்டத்தில் விசாரியுங்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அழுத்தத்தையும் ஜிபிஎஸ் காட்டும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் காற்று நேராக அடித்தால் எண் கொஞ்சம் ஆடும். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டால் அடங்கும். வீட்டுக்கு வந்து, அழுத்தத்தின் இயல் மடக்கையை ஒரு அச்சிலும் உயரத்தை மறு அச்சிலும் வைத்துப் புள்ளிகளைக் குறியுங்கள். நேர்கோடு விழும். தன் கையால் வருவித்த சமன்பாடு மலையேறி வந்து வரைபடத்தாளில் நேர்கோடாக நிற்பதை முதல் தடவை பார்க்கும் பிள்ளையின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்காகவே இந்தச் சோதனையை எல்லோருக்கும் சொல்கிறேன்.

இங்கேயே நின்றுவிடாதீர்கள். வெப்பநிலை மாறாது என்று எடுத்துக்கொண்டோமே, அது உண்மையா? ஏற்காட்டில் குளிர்கிறதே. சராசரி வெப்பநிலையை 300க்குப் பதிலாக 296 கெல்வின் என்று போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள். விடை ஐந்நூற்றில் ஒரு பங்குகூட மாறாது. உயரக் கணக்கில் சொன்னால் அது பதினைந்து, இருபது மீட்டர். ஜிபிஎஸ் காட்டும் உயரத்திலேயே அவ்வளவு பிழை இருக்கலாம். ஆகவே இந்த அளவீட்டுக்கு நம் அனுமானம் தாராளமாகப் போதும். "இது போதும்" என்பதை ஒரு எண்ணைக் காட்டிச் சொல்லப் பழகுவதுதான் இயற்பியல் படிப்பின் பாதி.

அடுத்து, அதே சமன்பாட்டை வீட்டுக்குள் தேடுங்கள். எவர்சில்வர் டம்ளரில் சூடான நீரை ஊற்றி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். அறை வெப்பநிலையைக் கழித்து, மீதிக்கு மடக்கை எடுத்தால் மறுபடியும் நேர்கோடு. ஆனால் தொடக்கத்தில் கோடு கொஞ்சம் செங்குத்தாக வளைந்து இறங்கும். ஆவியாதல் வெப்பத்தைத் திருடிக்கொண்டு போகிறது. ஒரு தட்டால் மூடிவைத்துத் திரும்பச் செய்யுங்கள், வளைவு பெரும்பாலும் மறைந்துவிடும். பிறகு எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் 47 கிலோ ஓம் மின்தடை ஒன்றும் வாங்குங்கள். 9 வோல்ட் பேட்டரியில் மின்னேற்றி, மின்தடை வழியாக இறங்க விட்டு, மல்டிமீட்டரில் பாருங்கள். 47 விநாடியில் 9 வோல்ட் சுமார் 3.3 ஆக வேண்டும். கொஞ்சம் முன்பின் வந்தால் பயப்படாதீர்கள். அந்த வகை மின்தேக்கிகளில் அச்சடித்த மதிப்பே இருபது விழுக்காடு வரை மாறலாம். நேர்முனை, எதிர்முனையை மட்டும் மாற்றி இணைத்துவிடாதீர்கள்.

மலைக்காற்று, டம்ளர் நீர், மின்தேக்கி ஆகிய மூன்றுக்கும் ஒரே சமன்பாடு. நான்காவது ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஊசலும் பிழையும்

வீட்டு உத்தரத்தில் ஒரு நூலும் கனமான நட்டும் கட்டி, ஊசலாட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிப்பது பள்ளிக்கூடச் சோதனை. அதையே உயர் இயற்பியலாக மாற்றலாம். நீளம் 1 மீட்டர் என்றால் அலைவு நேரம் 2.009 விநாடி வரும். 50 அலைவுக்குச் சுமார் 100.5 விநாடி. ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரல் 0.2 விநாடி முன்பின் ஆகலாம், அது நேரத்தில் 0.2 விழுக்காடு. நேரம் இருமடியாக வருவதால் விடையில் 0.4 விழுக்காடு. நீளத்தை அளப்பதில் 2 மில்லிமீட்டர் தவறினால் இன்னொரு 0.2. கோணம் 10 டிகிரி என்றால் சிறுகோணத் தோராயத்தால் நேரம் 0.2 விழுக்காடு நீளும். இத்தனையும் சேர்த்து, "9.78, முன்பின் 0.05" என்று எழுதத் தெரிந்தவர் எந்த ஆய்வகத்துக்கும் போகத் தகுதியானவர்.

ஒரு மாணவன் இதே ஊசலை ஏற்காட்டுக்கு எடுத்துப் போய், "மலையில் புவியீர்ப்பு குறைந்துவிட்டது, அளந்துவிட்டேன்" என்று ஆசையோடு வந்தான். உயரம் கூடினால் குறையும் என்பது சரிதான். ஆனால் 1,235 மீட்டருக்கு வெறும் உயரத்தால் குறைவது சுமார் 0.04 விழுக்காடு. காலடியில் இருக்கும் மலையின் நிறை அதிலும் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். 50 அலைவில் வித்தியாசம் 0.02 விநாடி. விரலின் தவறு அதைப்போல் பத்து மடங்கு. அவன் கண்டது விரலின் நடுக்கத்தைத்தான். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இந்த வித்தியாசத்தைக் காண எத்தனை அலைவு எண்ண வேண்டும், நீளத்தை எவ்வளவு துல்லியமாக வைத்திருக்க வேண்டும், எஃகுக் கம்பி என்றால் பத்து டிகிரி குளிரில் எவ்வளவு சுருங்கும் என்று மூன்று பக்கம் ஓடியது. அந்த மூன்று பக்கத்தில் அவன் கற்றது ஒரு பருவத்துப் பாடத்தைவிட அதிகம் என்றே சொல்வேன்.

எந்தப் புத்தகம், எந்த வரிசை

வரிசை இதுதான்: இயக்கவியல், அலைவுகளும் அலைகளும், மின்னியலும் காந்தவியலும், சிறப்புச் சார்பியல், குவாண்டம். வெப்ப இயற்பியலை இயக்கவியலுக்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் செருகலாம். சார்பியலுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதன் தொடக்கப் பகுதிக்கு இயற்கணிதமே போதும், பத்தாவது முடித்தவர்களே தொடலாம். மனம் சோர்ந்த மாதத்தில் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இயக்கவியலுக்கு எச். சி. வர்மாவின் இரண்டு தொகுதிப் புத்தகத்தில் முதல் தொகுதி. ஒவ்வொரு அத்தியாயத்தின் இறுதியிலும் உள்ள கணக்குகளுக்காகவே அதைச் சொல்கிறேன். அது முடிந்து நுண்கணிதமும் கைக்கு வந்த பிறகு, கிளெப்னரும் கோலென்கோவும் எழுதிய இயக்கவியல் புத்தகம். அது கடினம். ஒரு கணக்குக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். கூடவே ஃபைன்மனின் விரிவுரைகளை வையுங்கள். கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1961 முதல் 1963 வரை இளநிலை மாணவர்களுக்கு அவர் நடத்திய பாடங்கள் அவை. மூன்று தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் ஃபைன்மனை மட்டும் படிக்காதீர்கள். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், புத்தகத்தை மூடியதும் ஒரு கணக்கும் வராது. நான் முதலில் விழுந்த குழி அதுதான்.

மின்னியலுக்கும் குவாண்டத்துக்கும் கிரிஃபித்ஸ் எழுதிய இரண்டு புத்தகங்கள் நல்லவை. பன்னிரண்டாம் வகுப்புக்குள் மின்னியல் புத்தகத்தில் பாதி தாண்டினாலே பெரிய விஷயம். குவாண்டத்துக்கு முன்னால் கலப்பெண்களும் அணிகளும் கட்டாயம்.

காணொளிப் பாடம் வேண்டுமென்றால் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இருக்கிறது, இலவசம். ஒரு காணொளிக்கு மூன்று கணக்கு என்று விகிதம் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடாமல் அடுத்த காணொளியைத் திறக்காதீர்கள். போனில் நாற்பது பிடிஎஃப் சேர்த்து வைப்பதும் படிப்பாகாது.

எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்க்க, இயற்பியல் ஒலிம்பியாடின் பழைய வினாத்தாள்கள் உதவும். மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் தளத்தில் விடைகளோடு கிடைக்கின்றன. முதல் சுற்றுத் தேர்வை இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நடத்துகிறது. எழுதுங்கள். தேர்வாகாவிட்டாலும் அந்தத் தாள்கள் காட்டும் இடைவெளி உங்களுக்கு வேண்டும்.

புத்தகம் பழையதாகிவிட்டதோ என்று பலர் கவலைப்படுகிறார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது, ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்டின் அணு அமைப்புப் புத்தகத்தைத் தானாகவே படித்து முடித்திருந்தார். 1928இல் சோமர்ஃபெல்டே சென்னைக்கு வந்தார். நேரில் போய்ப் பார்த்த மாணவருக்குக் கிடைத்த செய்தி, அந்தப் புத்தகத்துக்குப் பிறகு புதிய குவாண்டம் இயக்கவியல் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்பது. கூடவே, இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப்படியையும் சோமர்ஃபெல்ட் கொடுத்தார். அதைப் படித்துப் புதிய குவாண்டம் புள்ளியியலைக் கற்றுக்கொண்ட சந்திரசேகரின் கட்டுரை அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பழைய புத்தகத்தில் பழகிய கணக்குதான் புதியதை அவ்வளவு சீக்கிரம் பிடிக்க உதவியது என்பது என் எண்ணம்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு

பாடப்புத்தகம் தாண்டினால் நல்ல நூல்கள் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலம். இதைச் சொன்னதும் முகம் வாடும் பிள்ளைகளை அறிவேன். நானும் தமிழ் வழிதான். ஒன்று சொல்கிறேன்: கலைச்சொற்கள் உங்களைத் தடுக்காது. உந்தம்தான் மொமண்டம், திருப்பு விசைதான் டார்க், நிலைமத் திருப்புத்திறன்தான் மொமண்ட் ஆஃப் இனெர்ஷியா. நோட்டின் கடைசிப் பத்துப் பக்கங்களில் இரண்டு பத்தியாக எழுதிவந்தால் மூன்று மாதத்தில் பழகிவிடும். சொல்லப்போனால் தமிழ்ச்சொல்லுக்குள் பொருள் இருக்கிறது. 'திருப்பு விசை' என்றாலே என்ன செய்யும் என்று தெரிகிறதே.

உண்மையில் தடுக்கிவிடுபவை நடுவில் வரும் சாதாரணச் சொற்கள். 'ஆர்பிட்ரரி' என்றால் நாம் விரும்பியபடி எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். 'டு ஃபர்ஸ்ட் ஆர்டர்' என்றால், சிறிய அளவின் இருமடியும் அதற்கு மேற்பட்டவையும் விட்டுவிடப்பட்டன என்று பொருள். 'நெக்லிஜிபிள்' என்றால் இல்லை என்று பொருளல்ல, நம் அளவீட்டின் துல்லியத்துக்கு முன்னால் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று பொருள். இந்த மாதிரி முப்பது, நாற்பது சொற்கள்தான். இவற்றுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள், அகராதிப் பொருளை எழுதாமல், அந்தச் சொல் கணக்கில் என்ன செய்தது என்று எழுதுங்கள்.

ஆங்கிலத்தில் படியுங்கள், தமிழிலேயே யோசியுங்கள். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, தம்பிக்கோ தங்கைக்கோ சொல்வதுபோல வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எங்கே வாய் நிற்கிறதோ அங்கே புரியவில்லை.

முட்டி நின்றால்

நிற்கத்தான் செய்யும். ஒரு கணக்கோடு நாற்பது நிமிடம் மல்லுக்கட்டுங்கள். படம் வரையுங்கள், விசைகளைக் குறியுங்கள், அலகுகளை வைத்து விடையின் வடிவத்தை யூகியுங்கள், ஒரு மாறியைச் சுழியாக்கினால் என்ன ஆக வேண்டும் என்று பாருங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் மூடிவைத்துவிட்டு மறுநாள் காலை திறங்கள். அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பதுபோல, எந்த வரியில் அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. மூன்றாம் நாளும் நின்றால் விடையில் ஒரே ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்கலாமா என்பார்கள். உங்கள் விடை முழுதாக எழுதிய பிறகு, "எந்த வரியில் தவறு?" என்று கேளுங்கள். முதலிலேயே விடையைக் கேட்டால் அந்தக் கணக்கு உங்களுக்குப் போய்விட்டது, திரும்ப வராது. அது சொல்வதும் தவறாக இருக்கலாம், ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள்.

தவறுகளுக்கென்று ஒரு நோட்டு வையுங்கள். என்ன தவறு, ஏன் செய்தேன் என்று இரண்டு வரி. ஞாயிற்றுக்கிழமை அதை மட்டும் படியுங்கள். ஒரே வகைத் தவறு நாலு தடவை வருவது கண்ணில் படும். எனக்கு அது எப்போதும் எதிர்க்குறிதான்.

ஆசிரியரிடம் போகும்போது, "சார், இந்தப் பாடம் புரியலை" என்று போகாதீர்கள். "இந்த மூன்றாம் வரி வரைக்கும் வந்தேன், இங்கே ஏன் இது வருதுன்னு தெரியலை" என்று நோட்டைக் காட்டுங்கள். அப்படி வரும் பிள்ளைக்கு நேரம் ஒதுக்காத ஆசிரியரை நான் அதிகம் கண்டதில்லை. அவருக்கே பதில் தெரியாமல் இருந்தாலும் சேர்ந்து தேடுவார். உங்களைப் போல இன்னும் ஒருவரோ இருவரோ கிடைத்தால் வாரம் ஒருமுறை உட்காருங்கள், மாவட்ட மைய நூலகத்திலோ யார் வீட்டு மாடியிலோ. ஒருவர் விளக்க, மற்றவர் கேள்வி மட்டும் கேட்க வேண்டும்.

பள்ளித் தேர்வும் வீடும்

"மார்க் போயிடப் போகுது கண்ணு" என்று வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சண்டை போடாதீர்கள். தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் இந்த நோட்டை மூடிவிட்டுப் பாடத்தை மட்டும் படியுங்கள். மீதி நாட்களில் காலை ஐந்து மணியிலிருந்து ஆறேகால் வரை உங்களுடையது. ராத்திரி பத்து மணிக்குப் படுக்காமல் இது நடக்காது. தூக்கத்தைக் குறைத்துப் போட்ட கணக்கை நான் மறுநாள் நான்கு தடவை திருத்தியிருக்கிறேன்.

நான்காவது இடம்

அந்தச் சமன்பாட்டின் நான்காவது இடம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தின் உச்சியில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறந்து, ஒளியின் வேகத்தை ஒட்டிக் கீழே பாய்கின்றன. ஓய்வில் இருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. பிறகு சிதைந்துவிடும். சிதையும் வீதம், மீதி இருக்கும் எண்ணிக்கைக்கு நேர்விகிதம். பஸ்ஸில் பார்த்த அதே வரி.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபிரிஷ், ஸ்மித் என்ற இருவர் வாஷிங்டன் மலையுச்சியில் மணிக்குச் சுமார் 563 மியூவான்களை எண்ணினார்கள். ஏறக்குறைய 1,900 மீட்டர் கீழே, கடல் மட்டத்தில், சுமார் 27தான் மிஞ்சியிருக்க வேண்டும் என்று சாதாரணக் கணக்கு சொன்னது. எண்ணியபோது கிடைத்தது சுமார் 412. வேகமாக ஓடும் துகளின் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுகிறது என்ற ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டு முடிவு இல்லாமல் இந்த எண்ணை விளக்க முடியாது.

இதை நம் மலைக்குப் போட்டுப் பாருங்கள். ஏற்காட்டின் உயரத்தில் 100 மியூவான்கள் கீழ்நோக்கிப் பாய்கின்றன என்று வையுங்கள். சேலத்தின் மட்டத்துக்கு வர 4.1 மைக்ரோ விநாடி ஆகும். கடிகாரம் மெதுவாகாது என்று எடுத்துக்கொண்டால் 15 மிஞ்சும். இப்போது அவற்றின் கடிகாரம் ஒன்பது மடங்கு மெதுவாக ஓடுகிறது என்று வைத்து, உங்கள் நோட்டில் திரும்பப் போடுங்கள். விடை 75க்கும் 85க்கும் நடுவில் வர வேண்டும். நூறைத் தாண்டி வந்தால், அடுக்கில் எதிர்க்குறி விட்டுப்போயிருக்கிறது.